கரைசேர் விலை உரைத்த பெருந்தகைக்கு

கடல் கடந்து வரும் பொருளுக்கெல்லாம் கரையில் நின்று கணக்குரைத்த காவலரே! சுங்கத்தின் சூட்சுமங்களைச் சுளைசுளையாய் உரித்துக் கொடுத்த சொற்செல்வரே! கண் திறந்தபடியே கனவு காணவும், கனவின் நடுவே கூட்டல் பிழையைக் கண்டுபிடிக்கவும் வல்ல வித்தகரே! எங்கள் கிளியரிங் அலுவலகத்தின் மதிப்பீட்டுப் பிரிவுத் தலைவரே! பெற்றோர் இட்ட பெயரை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளர் சூட்டிய பெயரால் அழைப்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் இல்லத்தரசியார் பொறுத்தருள்க. எங்கள் ‘இன்னும் இருக்கு’ ஐயா! வணக்கம்.

இந்த அலுவலகத்தில் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுபவள் என்ற ஒரே குற்றத்துக்காக, தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வாசிக்க இம்மடல் எழுதும் பொறுப்பு தட்டச்சுப் பிரிவிலிருக்கும் என் தலையில் விடிந்தது. அலங்காரம் என்னுடையது. அன்பு எல்லோருடையதும்.

அன்புசால் ஐயா! தங்கள் மேசையருகே இருக்கும் சன்னலை நாங்கள் மறக்க இயலுமோ? காலைப் பனியில் துறைமுகச் சுவர் கரைந்துபோக, கப்பல்கள் தரையைத் தொடாமல் தெருவின் மேலேயே மிதப்பதாகத் தோன்றும். முத்திரை குத்தும் ஓசைகூடப் பஞ்சுக்குள்ளிருந்து வரும். அடுக்கடுக்காய் நிற்கும் இரும்புப் பெட்டிகளைக் காட்டி, “உள்ள எல்லாம் நல்லா தூங்குது. மெதுவா பேசுங்க” என்பீர்கள். புதிதாய் வேலைக்கு வருவோர் அதை நம்பி, முதல் வாரம் முழுதும் தாழ்ந்த குரலில் பேசியதுண்டு. அவர்களைத் திருத்த எங்களில் எவருக்கும் மனம் வந்ததில்லை.

தங்களை நாடி வருவோர் பெரும்பாலும் ஒரே ஒரு விலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். தொலைதேசத்துக் கடைக்காரன் சொன்ன விலை. அதை நம்பி மனக்கோட்டை கட்டியிருப்பார்கள். தாங்களோ நகரும் கப்பலைப் பார்த்தபடி தாலாட்டும் குரலில் தொடங்குவீர்கள். பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேரும்; சேர்ந்த தொகையின் மேல் சுங்கத் தீர்வை விழும்; தீர்வையும் சேர்ந்த தொகையின் மேல் இன்னொரு வரி ஏறும். “அவ்வளவுதானே சார்?” என்பார் வந்தவர். “இன்னும் இருக்கு” என்பீர்கள். இறக்குகூலி, பெட்டியைத் திறந்து காட்டும் கூலி, எங்கள் கட்டணம், லாரி வாடகை. எடுக்கத் தாமதமானால் டெமரேஜ் என்னும் நாள்வாடகை; சரக்கு தூங்கினாலும் அது தூங்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது எங்கள் தொழிலைப் பார்த்துத்தானோ என்று தோன்றும்.

எங்கள் முதலாளியே ஒருமுறை பொறுக்கமாட்டாமல், “எல்லாத்தையும் முதல்லயே சொன்னா ஆளுங்க ஓடிடறாங்களே” என்று குறைப்பட்டார். “ஓடறவங்க இப்பவே ஓடட்டும் சார். சரக்கு வந்து இறங்கினப்புறம் ஓட இடம் கிடையாது” என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார். ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள் என்பதும் உண்மை.

நேர்மையின் நிழலே! இனி நான் எழுதப்போவதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள். ஆயினும் ராட்டினக்கார அம்மாவைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டினால் அது முகத்துதி ஆகிவிடும்.

அந்நாளில் பொருள் வீடு வந்து சேரும்வரை ஆகும் மொத்தச் செலவை, அடக்கவிலை என்பதைச் சுருக்கி, நாங்கள் ‘அடக்கம்’ என்றே சொல்லிவந்தோம். பணிவுக்கும் அதே பெயர். மண்ணில் வைப்பதற்கும் அதே பெயர். தொழிலில் ஊறியவர்களுக்கு மற்ற இரண்டும் மறந்துபோயிருந்தன. ஒரு பனிக்காலையில் கையில் கப்பல் காகிதங்களோடு ஓர் அம்மா தங்கள் முன் வந்து நின்றார். காகிதத்தில் கண் வைத்தபடியே, “அடக்கம் எல்லாம் ஆச்சாம்மா?” என்று கேட்டீர்கள்.

“முந்தாநாள் ஆச்சுங்க. அவரோட அண்ணன்தான் முன்ன நின்னு செஞ்சாரு” என்றார் அவர்.

தாங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். அறையில் தட்டச்சு ஓசை நின்றது, நிறுத்தியவள் நான்தான். தாங்கள் ஒன்றும் விளக்கவில்லை. எழுந்து, தங்கள் நாற்காலியையே அவருக்குப் போட்டுவிட்டு, நின்றுகொண்டே பேசினீர்கள்.

அவர் கணவர் ஊர் ஊராகப் பொழுதுபோக்குத் திடல் நடத்தியவர். வாழ்நாள் ஆசையாக, கடலுக்கு அப்பால் யாரோ விற்ற பழைய குடை ராட்டினம் ஒன்றை மரக்குதிரைகளோடு வாங்கினார். கப்பல் நடுக்கடலில் வரும்போது இங்கே அவர் மூச்சு நின்றது. “குதிரைக்கு மட்டும்தாங்க காசு சேர்த்து வெச்சிருந்தாரு. வர்ற வழிக்கு ஆகும்னு அவருக்குத் தெரியல” என்றார் அந்த அம்மா. தாங்கள் ஒவ்வொரு செலவாகச் சொன்னீர்கள், எதையும் குறைக்கவில்லை. நாள்வாடகை ஏறத் தொடங்கப்போவதையும் சொன்னீர்கள். ராட்டினத்தை எடுக்க வேண்டுமானால், திடலை ஊர் ஊராகச் சுமந்து செல்லும் ஒரே லாரியை அவர் விற்றாக வேண்டும். “விட்டுடலாம்மா. ஏலத்துல போயிடும். யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது” என்றும் சொன்னீர்கள். அந்தச் சொற்களைச் சொல்லும் முகவர் எவரையும் நான் கண்டதில்லை.

அவர் விட்டுவிடவே துணிந்தார். கப்பல் வந்தபின், சரக்கை விட்டுவிடும் தாளில் கையெழுத்திடுமுன், “ஒரு தடவை பாத்துக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். ராட்டினத்தைப் புதிது என்று எண்ணிச் சுங்க அதிகாரி மதிப்பைக் கூட்டியிருந்ததால், அதை நேரில் சோதிக்கத் தாங்கள் மனுக் கொடுத்திருந்தீர்கள். ஆகவே பெட்டி அவர் கண்முன்னே, உடன்வந்த எங்கள் சிலர் கண்முன்னேயும் திறந்தது. வெளியே பனி, உள்ளே மரத்தூள். அதற்குள் கால் மடங்காக் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பாதிக் கனவில் எழுப்பப்பட்டவை போல் எங்களைப் பார்த்தன. சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளில் வானம் நகர்ந்தது. அதிகாரி ஒரு குதிரையின் கழுத்தை நகத்தால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் வெள்ளை. “பழசுதான்” என்று முணுமுணுத்து மதிப்பைத் திருத்தி எழுதினார். தீர்வை குறைந்தது, லாரியைக் காப்பாற்றும் அளவுக்குக் குறையவில்லை.

அந்த அம்மா குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த தூளைத் தம் முந்தானையால் துடைத்தார். “எடுத்துக்கறேங்க” என்றார். “லாரி போயிடும்மா, யோசிச்சுக்கோங்க” என்றீர்கள். “தெரியாம குடுத்தா தண்டம். தெரிஞ்சே குடுக்கறேன், அது விலை” என்றார் அவர். லாரி விலைபோனது, அலைந்த திடல் நம் ஊர்க் கோடியிலேயே நிலைத்தது.

அன்று முதல் இந்த அலுவலகத்தில் ‘அடக்கம்’ என்ற சொல்லுக்கு அனுமதியில்லை. மதிப்பீட்டுத் தாள்களில் ‘கரைசேர் விலை’ என்று எழுதவைத்தீர்கள். பக்கத்து அலுவலகத்தார், “என்னய்யா, கல்யாணமா பண்ணி வைக்கறீங்க?” என்று கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே எழுதத் தொடங்கினார்கள்.

சொல்லைத் திருத்திய தாங்கள், தங்களை மட்டும் மன்னிக்கவில்லை என்பதை நாங்கள் அறிவோம். வீட்டுக்கு நேர்வழி அந்தத் திடல் இருக்கும் தெரு. தாங்களோ மீன் கிடங்கைச் சுற்றித்தான் போவீர்கள். தங்கள் முயற்சியால் கரைசேர்ந்த குதிரைகள் சுழல்வதை இன்றுவரை தாங்கள் பார்த்ததில்லை. தாங்கள் கேட்டதன் பொருளைப் பின்னர் எவரேனும் அந்த அம்மாவுக்குச் சொல்லியிருப்பார்களே என்ற கூச்சம். அது எங்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

ஆகவே, ஐயா, தங்கள் அனுமதியின்றி நாங்கள் சென்றவாரம் அவரைப் பார்க்கப் போனோம். அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களே சொன்னோம். “வெலையா கேட்டாரு?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பின்பு, சொன்னபடியே எழுதவேண்டும் என்ற கண்டிப்போடு, இதைத் தங்களிடம் சேர்க்கச் சொன்னார்:

“அவர் போனப்புறம் வந்தவங்க யாருமே அந்தப் பேச்சை எடுக்கல. சாப்பிட்டியா, தூங்கினியான்னு சுத்தி சுத்திக் கேட்டாங்க. இவர் ஒருத்தர்தான், யாருன்னே தெரியாத மனுஷன், அடக்கம் எல்லாம் ஆச்சாம்மான்னு நேரா கேட்டாரு. அதைச் சொல்லித்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதனாலதான் குதிரைங்களை அவரை நம்பி விட்டேன். என்ன அர்த்தத்துல கேட்டிருந்தா என்ன? கேட்டாரில்ல.”

அருமை ஐயா! தங்கள் உடல் நலமும் உள்ள நலமும் குன்றாதிருக்க, இல்லத்தரசியாரின் கைபற்றி நீடூழி நடக்க நெஞ்சார வாழ்த்துகிறோம். அந்த நடையை இன்று மாலையே தொடங்குக. நேர்வழியே செல்க. தாங்கள் இருவரும் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று ராட்டினக்கார அம்மா சொல்லியிருக்கிறார். வந்து ஏறும்வரை ஒரு குதிரையை யாருக்கும் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
மதிப்பீடு, தட்டச்சு, கணக்கு, கிடங்குப் பிரிவுப் பணியாளர்களும்,
கேட்காமலே கையெழுத்திட்ட முதலாளியும்