ஊக்க எடுக்காத, பத்து எண்றேன்

கேமரா ரிப்பேருன்னு யாரு சொன்னது பாய்? அதெல்லாம் சோக்கா தான் கீது. ரிப்பேரு எதுத்த போர்ஷன்காரி புத்தில! நீ இன்னா பண்ற, அத்த டப்பாவுல வெச்சி கம்பெனிலேர்ந்து வந்தப்ப எப்டி இருந்துச்சோ, அப்டியே ஆக்கி குட்த்துட்டு போ. பழசு ஒண்ணும் இருக்கக் கூடாது, எல்லாம் அழிஞ்சி பூடணும்... குந்து பாய், அந்த ஸ்டூல இஸ்து போட்டுக்க. மீன் கூடைய தள்ளி வையி, உன்ன ஒண்ணும் கடிக்காது.

ஏன்னா கேளு. ஜெரினான்னு ஒருத்தி. இருவது வருசமா எதுத்த போர்ஷன்ல கீறா. ரெண்டு பேருக்கும் ஒரே தெருக்கொழா, ஒரே மொட்ட மாடி. நான் விடியக்காலம் காசிமேட்டுக்கு ஏலத்துக்கு பூடுவனா, தண்ணி வந்தா என் கொடத்தையும் அவ தான் ரொப்பி வெப்பா. அவ பொண்ணு நவ்ரீன், காலேஜி போவுது, அது தான் இந்த கேமராவ மாடில மாட்டி என் போன்ல படம் தெரியற மாதிரி பண்ணிச்சு. எதுக்கு? என் கருவாட்டுக்கு! வஞ்சரம் காயப்போட்டா சாய்ங்காலத்துக்குள்ள ரெண்டு துண்டு கொறயுது பாய், மெய்யாலுமே. யாராவது கிட்ட வந்தா போன் கத்தும், பாத்துக்கோ ஆன்ட்டின்னுச்சு. பாஸ்வேர்ட அதுவே போட்டுகிச்சு. எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்?

போன வாரம்... அய்யே, எங்க வுட்டேன்? அக்காங், கத்துச்சு. நான் மார்க்கெட்டுல நின்னுகினு கீறேன். போன எட்த்து பாக்குறேன், செவப்பா ஒண்ணு! பாதி படத்த அடச்சிகினு நிக்குது. மறுநாளும் கத்துது, பாத்தா மறுபடியும் செவப்பு. வூட்டுக்கு வந்து மாடில பாக்குறேன், நாலு துண்டு காணோம். இந்த தெருவுல செவப்பு நைட்டி யாரு போடறா? அவ ஒண்டி தான்! உடுவனா நானு? கொழாயாண்ட எல்லாரும் கொடத்தோட நிக்கிறப்போ கேட்டேன், "இன்னாடி ஜெரினா, என் கருவாடு ருசியா கீதா?"ன்னு. அவ திருப்பி நாலு திட்டு திட்டியிருந்தா கூட எனக்கு மன்சு ஆறியிருக்கும். கொடத்த அப்டியே வெச்சிட்டு உள்ள பூட்டா.

தோ, வாசல அடச்சிகினு குட்டியான வண்டி நிக்குது பாரு, அது அவ கூப்ட்டது தான். மாதவரத்துக்கு வூடு மாறி போறா. காத்தாலேர்ந்து சாமான் ஏத்திகினு கீறாங்க. போவட்டும்! எனக்கின்னா? ராங்கு காட்றா, காட்டட்டும்... பீரோ ஏத்திட்டாங்களா பாய்? கொஞ்சம் எட்டி பாரேன். நான் பாக்க மாட்டேன்.

அந்த பொண்ணு போன்லயும் என் மாடி தெரியுது. மாதவரத்துல குந்திகினு என் கருவாட்ட பாக்கணுமா அதுங்க? அத்த கட் பண்ணணும்னா பாஸ்வேர்டு வேணுமாம். சண்ட போட்டுட்டு அவங்களாண்டயே போய் கேக்க முடியுமா? அதான் உன்ன இட்டாந்தேன்.

இன்னா, ஊசியா? சின்ன ஓட்ட கீதா, அதுல குத்தி அமுக்கணுமா? இந்தா, தாலில மாட்டிகினு கீற ஊக்கு. பத்திரம், திருப்பி குடுக்கணும். மேல போ, படி வழுக்கும். பத்து எண்ற வரிக்கும் எடுக்கக் கூடாதா? நான் இங்கேர்ந்தே எண்றேன், நீ அமுக்கு. கேக்குதா பாய்? ஒண்ணு... ரெண்டு... பாத்து புடி, பூஜ போட்ட பொருளு! ஆய்தபூஜைக்கு அருவாமணைக்கு பொட்டு, தராசுக்கு பொட்டு, கேமரா மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? ஸ்டூல் மேல ஏறி, குங்குமத்த எண்ணெயில கொழச்சி, கெட்டியா வெச்சேன். நெத்தி எதுன்னே தெரியல அதுக்கு. நடுவுல வட்டமா கண்ணாடி மாதிரி கீதுல்ல, அங்கயே வெச்சிட்டேன்... எத்தினி எண்ணேன்? ஆறா? அமுக்கிகினே இரு! ஏழு... நோம்புக் கஞ்சி காச்சினா மொத தூக்கு எனக்கு தான் வரும் பாய்... எட்டு... இனிமே யாரு குடுப்பா... ஒம்போது... எவளும் வேணாம் போ... பத்து! எடு, எடு!

வந்துட்டியா? எல்லாம் அழிஞ்சிடுச்சா? என் போன்ல மட்டும் தெரியற மாதிரி பண்ணிட்ட இல்ல? அப்புறம் இன்னா, வெரல காட்டிகினு நிக்கிற? அய்யோ, ரத்தம்! ஊக்கு குத்திகிச்சா? ...இல்லியா? கேமராவுல தொடச்சியா? குங்குமமா?

அப்போ... அந்த செவப்பு...

இரு பாய், ஒண்ணும் பேசாத. ஆய்தபூஜ எப்போ? போன வாரம். போன் கத்துனது? அதுக்கு மறுநா. அய்யய்யய்யோ! ...பாய், அந்த குங்குமத்த திரும்ப அங்கயே வெச்சிட்டு போயேன். மொறைக்காத, சொம்மா கேட்டேன்.

அப்போ என் கருவாட்ட துன்னது யாரு? தோ, கத்துது, கத்துது! போன குடு. அட, இன்னா பளிச்சுனு கீது... பூன! கடுவம் பூன பாய்! மொறத்து மேல குந்திகினு, வாயில என் வஞ்சரம்! கய்தே! இரு, யாரோ வராங்க. பச்ச நைட்டி... ஜெரினா. கொடில கீற துணிய எடுக்க வந்துகீறா. செருப்ப கழட்டி பூனய தொரத்துறா பாரு. நீ உன் துணிய எட்த்துகினு போவ வேண்டியது தானடி? உனக்கு இன்னாத்துக்கு இது? ...கீழ வுழுந்த துண்ட பொறுக்கி, தொடச்சி, மொறத்துல வெக்கிறா பாய். வலய இஸ்து மூடறா. நாலு மூலைக்கும் கல்லு வெக்கிறா.

நான் எந்த மூஞ்ச வெச்சிகினு அவளாண்ட பேசுவேன்? நீயே ஒரு வார்த்த சொல்லு பாய், நீயும் பாய் அவளும்... எங்க ஓடற? பாய்! யோவ், என் ஊக்கு! ஒரு நல்லது கெட்டதுக்கு நிக்கிறானா பாரு!

தோ, எறங்கி வரா. வண்டி வேற உறுமுது. யோவ் வண்டிக்காரு, ஆப் பண்ணுயா! பீரோவ எறக்கு! நான் சொல்றேன், எறக்கு! ஏ ஜெரினா, நில்லுடி. இங்க வேணாம், கொழாயாண்ட வா. எல்லாரையும் கொடத்தோட வரச் சொல்லு. அங்க தான கேட்டேன் உன்ன? அங்கயே சொல்றேன்.