மேஜரின் ஆறு பதக்கங்களை அறுத்தெடுத்தது பற்றி

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதப்பட்டிருக்கின்றன. தெருவில் கத்திரி மாஸ்டர் என்று கேட்டால்தான் தெரியும். வயது அறுபத்து மூன்று. ராணுவக் குடியிருப்பின் பின்வாசலுக்கு எதிரே, சலவைக் கடையின் மாடியில் வசிக்கிறேன். கீழே உள்ள அறையில் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சீருடை தைக்கிறேன். பதக்கங்களை நாடாவில் கோத்து வரிசைப்படி பட்டையில் தைத்துக் கொடுப்பதும் என் வேலை. காவல் நிலையத்தில் என்னை யாரும் மிரட்டவில்லை, இந்த வாக்குமூலத்தை நானாகவே சொல்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் மகள் வீட்டோடு இருக்கும் மேஜர், சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றவர். அவருடைய ஆறு பதக்கங்களில் ஐந்து, காலத்தைத் தள்ளினால் எவனுக்கும் கிடைக்கும் என்று அவரே சொல்வார். ஆறாவது, வெள்ளத்தில் பாலம் உடைந்த அன்று படகின் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, பதினோரு பேர் கரையேறும் வரை விடாமல் நின்றதற்காகக் கொடுத்தது. அதற்குள் கை நசுங்கிப்போனதால் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. கரையேறியவர்களில் ஒருவர் என் கடையில் அளவு கொடுக்கும்போது சொன்னார். அதன்பிறகு மேஜரின் உடுப்புகள் எல்லாவற்றுக்கும் இடது கையை மடித்துத் தைத்துக் கொடுத்துவந்தேன்.

சென்ற மாதம் மேஜரின் மருமகன் கடைக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியும் தெருவில் அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். பட்டாளத்துக்குக் காய்கறி சப்ளை செய்தவர், துப்பாக்கியைத் தொட்டவரல்ல. மாமனாரின் பதக்கங்களோடு ஒரு கோட்டு தைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதாகவும், மேஜர் இளைத்துவிட்டதால் தன் அளவிலேயே தைக்கலாம் என்றும் சொன்னார். இடது கையை மடிக்க வேண்டுமே என்றேன். "பெட்டிக்குள்ள இருக்கப்போறதுதானே மாஸ்டர், ரெண்டு கையும் இருந்தா பாக்க நல்லாருக்கும்" என்றார். பதக்கப் பட்டையைக் கழற்றி மாட்ட ஊக்கு வேண்டாம், கோட்டோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள் என்றும் சொன்னார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மேஜருக்குச் செய்கிறோம் என்ற பூரிப்பில் மூளையை அடகு வைத்துவிட்டேன்.

அதன்பிறகு நேற்றுக் காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்க மண்டபத்தில் தலைவர் தேர்தலுக்கான கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். போட்டியிட்ட மாப்பிள்ளை நான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மேஜருக்கென்று நான் தைத்தபடியே ஆறு பதக்கங்களும் இடது மார்பில் இருந்தன. வாங்கியவர்தான் இடது பக்கம் அணிவார், அவருடைய உறவினர் அணிந்தால் வலது பக்கம். தெரியாமல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து, மேடைப் படியருகே போய்க் காதோடு சொன்னேன். "இங்க எவனுக்கு மாஸ்டர் இடது வலது தெரியும், போய் உக்காருங்க" என்றார். அதன்பிறகு மைக்கைப் பிடித்து, வெள்ளத்தில் கயிற்றைத் தான் பிடித்திருந்ததாகச் சொன்னார். முழுசாக இருந்த இடது கையை உயர்த்திக் காட்டினார். அதில் மோதிரம் போட்டிருந்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை எழுதும் ஏட்டய்யா, மனவருத்தம் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். வருத்தமில்லை, அருவருப்பு, அப்படியே எழுதுங்கள் என்றேன்.

அதன்பிறகு மேஜரிடமே சொல்லிவிடுவோம் என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் கதவைத் திறந்து, அப்பா தூங்குகிறார் என்று வழிமறித்தாள். நான் தாண்டிப் போனேன். சமையலறைக்குப் பின்னால், காலி சிலிண்டரும் உடைந்த நாற்காலியும் போட்டிருந்த அறையில் மேஜர் படுத்திருந்தார். விரிப்பு நனைந்து மஞ்சளாகியிருந்தது. நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. தலைமாட்டுத் தட்டில் பழைய சாப்பாட்டின் மேல் எறும்பு மொய்த்தது. கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் புதிதாக இருந்தது. "யாராவது வந்துடப் போறாங்கன்னு எங்க வீட்டுக்காரர்தான் பூட்டச் சொன்னார்ண்ணே. அப்பாவுக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியல, என்னையே தெரியல" என்றாள். மூக்கைப் பொத்தியபடியே சொன்னாள்.

அதன்பிறகு மண்டபத்துக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் நெஞ்சில் கத்தியை இறக்க வந்ததாகப் புகாரில் சொல்லியிருக்கிறார். என் கையில் இருந்தது நூல் வெட்டும் கத்திரி, என் சுண்டுவிரல் நீளம். தைத்தவனுக்குத் தையல் இருக்கும் இடம் தெரியும். ஆறு இடத்தில் வெட்டினேன், பட்டை கையோடு வந்தது. கோப்பை கவிழ்ந்து கோட்டில் தேநீர் கொட்டியதற்கு நான் பொறுப்பில்லை, அவர்தான் துள்ளினார். நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன்.

மேஜரின் அறையில் பதக்கங்களை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். தனக்கு உரியதென்று அவருக்குத் தெரியவில்லை. பதக்கத்தின் விளிம்பில் வாங்கியவரின் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல், வெள்ளத்துக்காகக் கொடுத்த பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து அதை உரக்கப் படித்தேன்.

மேஜர் ஒற்றைக் கையை ஊன்றி, அந்த நனைந்த விரிப்பில் எழுந்து உட்கார்ந்தார்.

"உள்ளேன் ஐயா" என்றார்.

அவர் பேசி ஏழு மாதம் ஆகிறது என்று மகள் சொன்னாள். அதன்பிறகு பதக்கங்களை அவர் சட்டையின் இடது பக்கத்தில் தைத்தேன். கடைசித் தையல் போடும்போது காவலர்கள் வந்தார்கள். களவுபோன பொருளைக் கைப்பற்ற வேண்டும் என்கிறார்கள். தாராளமாகக் கைப்பற்றட்டும். அதற்கு அந்த அறைக்குள் போக வேண்டும், மூக்கைப் பொத்தாமல் போக வேண்டும், விளிம்பில் உள்ள பெயரைப் படித்துக் கேட்க வேண்டும். அவர் பதில் சொன்ன பிறகும் கழற்ற மனம் வருகிறவர் கழற்றிக்கொள்ளட்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, பொய் ஒன்றும் சேரவில்லை. அருவருப்பு என்ற சொல் அடிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தையல்காரர்