பொதுச் சுவர்

டீ நன்றாக இருக்கிறது. டம்ளரின் விளிம்பை யாராவது ஒருமுறை துடைத்துக் கொடுத்திருக்கலாம். பரவாயில்லை, என் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் தொழில் பூச்சி ஒழிப்பு. பதினெட்டு வருடமாக உரிமம் வைத்திருக்கிறேன், ஒரு புகார் கிடையாது. விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவன் என்று மற்ற கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். மருந்தை அது வந்த டப்பாவை விட்டு வேறு எதிலும் ஊற்றாதே, முகமூடி இல்லாமல் மூடியைத் திறக்காதே, வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிக் கையெழுத்து வாங்கு, பொதுச் சுவரில் ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் இதை விரும்பிச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் வீட்டுக்குள் போவதே எனக்குக் குமட்டும். இஸ்திரி போட்ட சட்டையும் சென்ட்டுமாகத் திரிகிறவர்களின் மெத்தையைப் புரட்டிப் பார்த்தவனுக்குத்தான் அவர்களின் லட்சணம் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை, மெத்தை ஓரமெல்லாம் மிளகுத்தூள் தூவினாற்போல் மூட்டைப்பூச்சியின் கழிவு, நசுக்கினால் கிளம்பும் அந்த வாடை. சாப்பிட உட்காரும்போதும் அது கையிலேயே இருப்பது போலிருக்கும். நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவேன். "கை கழுவறீங்களா, தோலை உரிக்கறீங்களா?" என்பாள் என் மனைவி.

நீங்கள் போய்ப் பார்த்த அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் ஆசிரியர் குடும்பம் இருக்கிறது. நான் மதித்த ஒரே வீடு அது. செருப்புகூட அளந்து வைத்தது போல் இருக்கும். ஒருநாள் அங்கே இரண்டு மூட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் என் மச்சினனும் போய் மருந்து அடித்தோம். பத்தே நாளில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. மறுபடி போனோம், மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் அதே கதைதான். ஆசிரியர் என்னை மாடிப்படியில் நிறுத்தி, நாலு பேர் காதுபடக் கேட்டார்: "நீங்க பூச்சியை ஒழிக்கறீங்களா, வளர்க்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வருட மானம் அந்தப் படிக்கட்டில் கப்பலேறியது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்கவில்லை.

பூச்சி எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். கண்டவர்களின் பழந்துணியெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். அவர் கணவர் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவருடைய கட்டில் ஆசிரியர் வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கேயும் மருந்து அடிக்க அனுமதி கேட்டுப் போனேன். உள்ளே கால் வைத்ததும் மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. அந்தம்மா நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோத்தார். அதே விரலால் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டினார். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

"இவரைத் தூக்கிட்டு நான் எங்க தம்பி போவேன்? எங்க வீட்ல பூச்சி கிடையாதுப்பா. தினம் ரெண்டு வேளை உடம்பு துடைச்சு விடறேன். கடிச்சிருந்தா தடிப்பு தெரியாதா எனக்கு?"

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெத்தையைப் புரட்டிப் பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. முதலில் சோதனை, பிறகுதான் மருந்து என்று வகுப்பில் சொல்கிறவன் நான். ஆனால் அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையில் நின்றிருந்தால் உங்களுக்கும் வந்திருக்காது.

ஆசிரியர் குடும்பம் மூன்று நாள் வெளியூர் போனது. நான் தானியக் கிடங்குக்குப் போடுகிற மாத்திரையை எடுத்துக்கொண்டேன். காற்றின் ஈரம் பட்டால் அது விஷ வாயுவாகிவிடும். ஆள் குடியிருக்கிற இடத்தில் தொடவே கூடாது என்று டப்பா மேலேயே மண்டையோட்டுப் படத்தோடு அச்சடித்திருக்கும். முந்தின நாளே தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"நாளைக்குப் பக்கத்து வீட்ல மருந்து வேலைம்மா. கொஞ்சம் வாடை வரும், பயப்படாதீங்க. ஜன்னலை எல்லாம் நல்லா சாத்தி வெச்சுக்குங்க."

"நீங்களாவது வந்து சொன்னீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க," என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தை நீங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள். தேதி, நேரம் எல்லாம் சரியாக இருக்கும்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பலகை மாட்டினேன். மச்சினன் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டே வந்தான். ஆசிரியரின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய குழாய் ஓட்டை. அங்கே வந்ததும் நின்றுவிட்டான்.

"மாமா, இது அந்தப் பக்கம் போகுது. அவர் இருமறது கேக்குது பாருங்க."

"அதை விடு, நான் பாத்துக்கறேன்."

"இது குடோன் மாத்திரையில்ல மாமா? இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

கீழே போய் வண்டியைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன். அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, மாத்திரைகளை அந்த ஓட்டையின் வாயிலேயே வைத்தேன். பூச்சி அந்தப் பக்கம் இருக்கும்போது மருந்து இந்தப் பக்கம் நின்று என்ன பிரயோஜனம்? இருமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கதவைச் சாத்தி வெளியிலிருந்து டேப் ஒட்டினேன்.

இரண்டாம் நாள் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த ஒருத்தி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, யாரும் திறக்காததால் கத்தினாள். கட்டடக் காவலாளி என்னைக் கூப்பிட்டார். முகமூடியோடு நான்தான் முதலில் உள்ளே போனேன். அவர் கட்டிலில் கிடந்தார். அந்தம்மா கணவரின் காலடியில் சுருண்டு கிடந்தார், கையில் ஈரத்துணி இருந்தது. ஜன்னல்கள் சொன்னபடியே சாத்தியிருந்தன. நான் செய்த முதல் காரியம், கட்டிலில் கிடந்தவரை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு மெத்தையைப் புரட்டிப் பார்த்தது. கையுறை இருந்ததால் முடிந்தது. ஒரு பூச்சிகூட இல்லை. மருந்து பிடித்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

செத்த பூச்சி எழுந்து நடந்து போகாதே, அது எங்கே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வேலைப் பையின் மடிப்புக்குள் நாற்பதுக்கு மேல் உயிரோடு இருந்ததாகவும் சொன்னீர்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பையைக் கொதிக்கும் நீரில் போட்டு, மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது என் பொறுப்பு. "பார்த்தாயிற்று" என்று படிவத்தில் எழுதிவிடுவேன். அதைத் தொட்டு யார் பார்ப்பார்கள்?

சரி, வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஓட்டையை வேண்டுமென்றே விட்டேன். உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரிந்தே விட்டேன். அவர்களைக் கொன்றது நான்தான். பூச்சி என் பையிலிருந்து போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் சுத்தமானவன்.