ஓய்வுப் பொறுப்பாளர்

இந்த நாற்காலி முதுகுக்கு ஆகாது. தப்பாக நினைக்காதீர்கள் மேடம், தொழில் புத்தி. நாள் முழுக்க இதில் உட்கார்ந்து மற்றவர்களை விசாரித்தால், சாயங்காலம் உங்கள் இடுப்பு உங்களை விசாரிக்கும். சின்னத் தலையணை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் நான் பணியாளர் நலத் துறைத் தலைவர். துறை என்றால் நான் மட்டும்தான். துறையின் அலுவலகம், மாடிப்படிக்குக் கீழே பலகைகளும் பந்துகளும் அடுக்கிவைக்கும் அறை. அதற்கு முன்னால் நானும் பல வருடம் குழு வகுப்பு எடுத்தவன். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, மேடையில் நின்று, பாட்டுக்கு ஏற்ப முப்பது நாற்பது பேரை ஆட்டுவிக்கிற வேலை. என் வகுப்புக்கு முப்பது நாற்பது பேர் வந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களுக்கும் பாதி வகுப்பில் எங்கிருந்தோ அவசர அழைப்பு வந்துவிடும். போனைக் காதில் வைத்தபடி குனிந்துகொண்டே வெளியே போவார்கள். இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கவனம் குறைந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் முதலாளி கூப்பிட்டு, "உங்க அனுபவத்துக்கு அந்த மேடை ரொம்பச் சின்னது அண்ணே," என்று இந்தப் பதவியைக் கொடுத்தார்.

பதவியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. குழு வகுப்பு எடுப்பவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். ஒரே நாளில் நாலைந்து வகுப்பு. ஒவ்வொன்றிலும் கூட்டத்தோடு சேர்ந்து குதிக்க வேண்டும், கத்த வேண்டும், நடுவில் சிரிக்கவும் வேண்டும். தொண்டை போகும், முட்டி போகும், பிறகு ஒருநாள் பாட்டுச் சத்தம் கேட்டாலே அழுகை வரும். அதற்காகவே பயிலரங்கு நடத்தினேன். 'உள்ளே எரியும் ஒளியைப் பேணுவோம்' என்று முதலாளி பெரிய பதாகை அடித்துக் கொடுத்தார். அதன் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் அன்று முழுக்கக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னேன். பயிலரங்கால் நேரமாகிவிட்டது என்று, முடிந்ததும் அத்தனை பேரும் அடுத்த வகுப்புக்குத் தலைதெறிக்க ஓடினார்கள்.

விஷயம் இதுதான். ஒருவர் விடுப்பு எடுத்தால் அவர் வகுப்பை இன்னொருவர் எடுப்பார். கூட்டம் அந்த இன்னொருவரோடு ஒட்டிக்கொள்ளலாம். அந்தப் பயத்தில் யாரும் விடுப்பு எடுப்பதில்லை. ஓய்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை, கையில் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

முதலில் குத்துச்சண்டை வகுப்பு எடுக்கும் பையன். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவன் குடிக்கிற சத்துப் பானத்தில், வயிற்றை இளக்குகிற மருந்தைக் கலந்தேன். சில நாள் வீட்டில் சுருண்டு கிடந்தான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "படுத்தே கிடந்தேன் அண்ணே. உடம்பையே புதுசா மாத்தின மாதிரி இருக்கு," என்றான். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சேவைக்கு விளம்பரம் கூடாது.

பிறகு சைக்கிள் வகுப்பு எடுத்த பெண். அவளுக்கு வயிறு போதாது. வயிற்றுவலியோடும் மிதிக்கிற ரகம். இருக்கையின் திருகைத் தளர்த்தினேன். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்து யோசித்தவள், இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆண்டுக் கூட்டத்தில் முதலாளி, பணிச்சோர்வால் ஒருவர்கூட விலகவில்லை என்று அறிவித்து எனக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். அவள் மணிக்கட்டால் விலகியவள், அந்தக் கணக்கில் வர மாட்டாள்.

அவர்கள் இல்லாத நாட்களில் வகுப்பை யார் எடுத்தது என்று கேட்டீர்கள். நான்தான். ஹாலைப் பூட்டியா வைக்க முடியும்? அவசர அழைப்புகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன.

கடைசியாகப் புயல். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முழங்கால் உயரத்தில் பாதி இருக்கும் பலகையில் ஏறி இறங்கும் வகுப்பு அவளுடையது. கூட்டம் வாசல்வரை நிற்கும். குரல் கட்டிப்போய், முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டு வருவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"ஒரு வாரம் ரெஸ்ட் எடும்மா," என்றேன் ஒருநாள்.

"என் கிளாஸை யாரு எடுப்பாங்க?"

"நான் இருக்கேன்ல."

"ஐயோ அண்ணே. நான் திரும்பி வர்றப்போ வெறும் பலகைதான் மிச்சம் இருக்கும். அதுலயும் பாதி, போன் வந்துச்சுன்னு வெளியே போயிருக்கும்."

பக்கத்தில் நின்ற மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். வாய்க்கு வந்ததைப் பேசுவது பணிச்சோர்வின் முதல் அறிகுறி. பயிலரங்கிலேயே சொல்லியிருக்கிறேன்.

பலகை நகராமல் இருக்க அடியில் ரப்பர் குமிழ்கள் பதித்திருப்பார்கள். மேடையில் அவளுடைய பலகை மட்டும் ஆரஞ்சு நிறம். அன்று காலை அதிலிருந்த குமிழ்களைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் எண்ணமெல்லாம் கணுக்கால்தான். வகுப்புக்குச் சற்று முன்பு, அவளே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. நேத்து சாப்பிட உட்கார்ந்த இடத்துலயே தூங்கிட்டேன். அம்மா பயந்துட்டாங்க. நாளையிலேர்ந்து பாதி கிளாஸை விட்டுடறேன். மாஸ்டர் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டான்."

"நல்ல முடிவும்மா," என்றேன். மனதார.

அப்போது குமிழ்கள் உன் பையில்தானே இருந்தன, திருப்பி மாட்டியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாதி ஓய்வு ஓய்வே இல்லை மேடம். அதுவும், ஏறி இறங்கத் தெரியாத ஒரு குத்துச்சண்டைக்காரனிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு அவளால் நிம்மதியாகப் படுக்க முடியுமா? கணுக்கால் சுளுக்கினால்கூட நொண்டிக்கொண்டே வந்து நிற்பாள், அவளை எனக்குத் தெரியும். அதனால்தான், அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், டம்பெல் அடுக்கியிருந்த இரும்புத் தாங்கியைச் சுவரோரத்திலிருந்து மேடைக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். சக்கரம் வைத்தது. சத்தம் வரவில்லை.

அவள் மேடையிலிருந்து பின்பக்கமாகச் சரிந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சிலர், அதுவும் ஒரு அசைவு என்று நினைத்துத் தாங்களும் பின்னால் சாய்ந்தார்கள். அவ்வளவு நம்பிக்கை அவள்மேல்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவள் நினைவாக ஒரு வகுப்பு வைத்தோம். மாஸ்டர் மைக்கைக் கையில் வாங்கியதுமே உடைந்துபோனான். வேறு வழியில்லாமல் நான் மேடை ஏறினேன். ஹால் கொள்ளவில்லை, படிக்கட்டிலெல்லாம் ஆட்கள். நான் சொன்னபோது ஏறினார்கள், நான் சொன்னபோது இறங்கினார்கள். நிறையப் பேர் அழுதுகொண்டே செய்தார்கள். நல்ல வகுப்பு அப்படித்தான், மனதைத் தொடும். அவளுடைய அம்மாகூடக் கடைசி வரிசையில் கடைசிவரை நின்றார்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அன்றைக்கு ஒருவருக்குக்கூடப் போன் வரவில்லை.