பூசணியின் ஏப்பம்

— இன்னும் எவ்வளவு நேரம் ஆராய்ச்சிம்மா, என் பூசணி அந்தப் பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கணும்? நான் ஒண்ணும் சொல்லல. கழுத்து வலிக்குமேன்னு கேட்டேன்.

— இன்னும் ரெண்டு ஏப்பம் விடட்டும் பெரியக்கா. தீவனம் தின்னுக்கிட்டுத்தானே நிக்குது, அதுக்கு என்ன வலி?

— ரெண்டு ஏப்பமா? என் வீட்டுக்காரரைக் கூப்பிடவா? சாப்பிட்டு எழுந்தார்னா எதிர் வீட்டு ஜன்னல் ஆடும்.

— அவருக்கும் இரைப்பை நாலு அறையா இருந்தாக் கூப்பிடுங்க. மாடு தின்னது உள்ளே கிடந்து புளிக்குது பாருங்க, ஏப்பத்துல வர்ற அந்த வாயுவைத்தான் இந்தப் பெட்டி அளக்கணும்.

— அதைச் சொன்னா இந்தத் தெருவுல யாரு நம்பறா? எல்லாரும் பின்னாடி வழியாப் போகுதுன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. இல்லய்யா, வாய் வழியான்னு நான்தான் தொண்டை வத்தக் கத்திக்கிட்டுத் திரியறேன்.

— சரியாத்தான் சொல்றீங்க. அது மேல போய்ப் போர்வை மாதிரி சூட்டைப் பிடிச்சு வெச்சுக்குது. வண்டிப் புகையைவிடப் பல மடங்கு.

— அது சரி. மூணு வேளையும் தட்டு நிறையக் கறி வெச்சுத் திங்கறவங்களை எல்லாம் விட்டுட்டு, என் பூசணி விடற ஏப்பத்துலதான் உலகம் சூடாகிப் போச்சாக்கும்?

— அவங்க தட்டையும் குறைக்கத்தான் சொல்றோம். கறிக்கு மாடு வளர்க்கணும்னு காட்டையே வெட்டித் தள்றாங்களே! நானே மாட்டுக்கறியை விட்டாச்சு. ஆனா பாலுக்கு நிக்கற மாடும் ஏப்பம் விடுதே அக்கா, அதை என்ன பண்றது? அதைக் குறைக்கத்தான் தீவனத்துல கலக்க இந்தக் கடல்பாசிப் பொடி. இது வேலை செஞ்சா யாரும் மாட்டை விக்க வேண்டாம்.

— வேலை செய்யலன்னா?

— உங்களுக்குத் தெரியாததா? பேக்கரிக்காரர் ஓட்ஸ் பாலுக்கு மாறிட்டார். காபிக்கடைக்காரரும் யோசிக்கிறார். பள்ளிக்கூடத்துச் சமையல்கூடம் மட்டும்தான், ஏப்பம் குறைஞ்ச மாட்டுப் பால்னா எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்கு. நாளைக்கு ஊர்க் கூட்டத்துல, ஏப்பம் குறைஞ்ச மாட்டை மேடைக்கு ஏத்துவோம். மாட்டுக்காரங்க மைக்ல பேசணும்.

— மேனாமினுக்கிதான் ஏறப்போகுது. எழுதி வெச்சுக்கோ.

— அது யாரு?

— என் ஓரகத்தியோட மாடு மல்லிதான். நான் ஒண்ணும் சொல்லல. நீ வந்தா அவ தொழுவத்துலதான் நிக்கறே, சிரிக்கறே, போட்டோ பிடிக்கறே. என் பக்கம் வந்தா மட்டும் கடிகாரத்தைப் பாக்கறே. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்ப ஒரு மாடு கிடையாதும்மா. பூசணியோட அம்மாவைக் கயித்தைப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன். இவ நேத்து வந்தா, ஸ்கூட்டர்ல கேனைக் கட்டினா, இப்ப ஊரே "சின்னம்மா பால்"ங்குது. சாணி அள்ளறது யாரு? பெரியம்மா.

— அட, அப்படியெல்லாம் இல்லக்கா.

— விடு. உண்மையான பொடியையும் அவ பச்சை மூடி டப்பாவுலதானே வெச்சே? எனக்கு இந்தச் சிவப்பு மூடி போட்டு வெறும் தவிட்டுத் தூளு.

— ரெண்டுல ஒண்ணு தவிடுதான். எது எதுல இருக்குன்னு எனக்கே தெரியாதுன்னு டப்பாவைக் குடுத்த அன்னைக்கே சொன்னேனே? அளக்கறவளுக்குத் தெரிஞ்சா ஓரவஞ்சனை வந்துடும்னு ஆபீஸ்ல மறைச்சு வெச்சிருந்தாங்க. இன்னைக்குக் காலையிலதான் போன்ல சொன்னாங்க. உண்மைப் பொடி உங்க சிவப்பு மூடியிலதான்க்கா இருந்தது.

— என்னோடதுலயா?

— உங்களோடதுலதான். ஏன்க்கா முகம் இப்படிப் போச்சு?

— பச்சை இல்ல? நல்லாக் காதைக் குடுத்துக் கேட்டியா?

— சிவப்பு, சிவப்புன்னு ரெண்டு தடவை கேட்டேன். இருங்க, பூசணி ஏப்பம் விட்டாச்சு. நான் வண்டியில உக்காந்து ரெண்டு மாட்டுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு வந்துடறேன்.

— அடியே பூசணி, கேட்டியாடி? உன் தீனியில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே! டப்பாவைக் குடுத்த மறுநாள் காலையில, அவ பால் ஊத்தப் போன நேரமாப் பாத்து, திருடி மாதிரி உள்ளே போய், அவளோடதை உன் டப்பாவுக்கும் உன்னோடதை அவ டப்பாவுக்கும் மாத்திக் கொட்டினேனே. நல்லதைத் தூக்கி மேனாமினுக்கிக்குக் குடுத்துட்டு, இத்தனை நாளா உனக்குத் தவிட்டைப் போட்டு, "தின்னுடி, தின்னுடி, ஜெயிக்கணும்"னு தடவிக் குடுத்திருக்கேன். வயித்தெரிச்சல்ல கண்ணே தெரியலடி எனக்கு. மூஞ்சியைத் திருப்பாதே, திட்டறதுன்னா திட்டு.

— அக்கா...

— ஐயோ, சின்னவளா! பால் ஊத்திட்டு நீ எப்ப வந்தே?

— இப்பத்தான்க்கா. காலிக் கேனை வைக்க வந்தேன்.

— எதுலேர்ந்து கேட்டே?

— அதோ, அவங்க ஓடி வர்றாங்க பாருங்க.

— பெரியக்கா! சின்னக்காவும் இங்கேதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. பூசணியோட வாயு மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு! மல்லியோடது அன்னைக்கு எப்படியோ அப்படியே இருக்கு.

— தப்பு.

— என்னது?

— தப்பாப் பாத்திருக்கே. மல்லிக்குத்தான் குறைஞ்சிருக்கணும். இவளோடதை அவளுக்கும் அவளோடதை இவளுக்கும் மாத்திப் பாத்திருப்பே. போய் மறுபடி பாரு.

— மூணு தடவை பாத்துட்டேன்க்கா. மல்லிக்கு எப்படிக் குறையும்? அது தின்னது தவிடு.

— நான் சொல்றேன், பூசணிக்குக் குறையாது! அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? ராத்திரிகூட அவ ஏப்பத்துல எனக்கு முழிப்பு வருது!

— இவ்வளவு நேரம் பொடி எனக்கு வரலன்னு சண்டை போட்டீங்க, இப்ப ஜெயிச்சாச்சுன்னா அதுக்கும் சண்டையா? சின்னக்கா, நீங்களாவது சொல்லுங்க.

— சந்தோஷத்துல அவங்களுக்குப் படபடன்னு வருது. நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்.

— நாளைக்குப் பூசணியை நல்லாக் குளிப்பாட்டி வைங்க. நான் இந்தக் கணக்கை இன்னைக்கே ஆபீஸுக்கு அனுப்பணும். எல்லா வீட்டுக் கணக்கும் இப்படியே வந்தா, ஊர் ஊரா மாட்டுக்காரங்களுக்குப் பொடியைக் குடுக்கப் போறாங்க. வரேன்க்கா!

— அவளைக் கூப்பிடுடி.

— வேண்டாம்க்கா.

— நான் மாட்டுகிட்டப் புலம்பினதைக் கேட்டேதானே? மறைக்காதே.

— கேட்டேன்.

— கேட்டுட்டா இப்படிக் கல்லு மாதிரி நிக்கறே? தவிட்டைத் தின்ன மாட்டுக்கு ஏப்பம் எப்படிக் குறையும்? ஏதோ மெஷின் கோளாறு. அந்தப் பொய்க் கணக்கை வெச்சு ஊர் ஊராப் பொடி குடுக்கப் போறாங்களாம். நம்பி வாங்கிப் போடறவன் மாடும் கெட்டு, பேரும் கெட்டு... உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும், அது இந்த வீட்டோட போகட்டும். அதைக் கொண்டு போய் ஊரான் தொழுவத்துல கொட்டலாமா? நான் சொல்லிடறேன். மேடை உன்னோடது, ஏறிக்கோ.

— அவ்வளவு எரிச்சலாக்கா என் மேல?

— இருந்துச்சு. இப்பவும்தான் இருக்கு. இதுக்கு மேல மறைச்சு என்ன? உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சுக்குள்ள புகையும். வர்றவங்க எல்லாரும் உன் கிட்டதான் பேசறாங்க, உன்னைத்தான் கொண்டாடறாங்க.

— யாருக்கா கொண்டாடறாங்க? மாமியார்கிட்ட உப்பு எங்கேன்னு கேட்டாக்கூட "பெரியவளைக் கேளு". என் மல்லி போட்ட கன்னுக்குட்டி, நான் பால் புகட்டி வளர்த்தது, என்னைத் தாண்டி வந்து உங்க கையைத்தான் நக்குது. என் வீட்டுக்காரர் ரெண்டாவது டம்ளர் கேக்கும்போது என்ன கேக்கறார் தெரியுமா? "இது அண்ணி மாட்டுப் பாலா?" தினமும்க்கா! சிரிச்சுக்கிட்டே ஆமான்னு ஊத்திட்டு, சமையலறைக்குள்ள போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன்.

— நீயா? என்னைப் பாத்தா?

— பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வருமா?

— அதை அப்புறம் பேசிக்கலாம். கையை விடு, வண்டியை எடுத்துட்டா. ஏய், ஆராய்ச்சிம்மா! நில்லும்மா!

— கத்தாதீங்க, கணக்கு சரியாத்தான் இருக்கு.

— எப்படிடி சரியா இருக்கும்?

— நீங்க மறுநாள் காலையிலதானே மாத்திக் கொட்டினீங்க? நான் முதல் நாள் சாயங்காலமே மாத்திக் கொட்டிட்டேன்க்கா.