காலியாக வைத்திருந்த அடுக்கு

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டு அடுக்கும் வேலையை எங்கள் வீட்டில் என்னிடம்தான் விடுவார்கள். என் மனைவி க்ரெட்டா அடுக்கினால் பன்னிரண்டு தட்டுக்கே கதவு மூடாது. அதே இடத்தில் நான் பத்தொன்பது தட்டும் ஒரு சூப் பானையும் வைத்துவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சிலருக்குக் கை வரும், சிலருக்கு வராது. ஒலிப்பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரி, நான் மெதுவாகப் பேசுகிறவன்.

பெயர் ஓரின் ஹால்வர்சன். கொலம்பியா ஆற்றுக்குக் கிழக்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் கணினிக் கிடங்கு இருக்கிறதே, அங்கே பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். அதுவும் தட்டு அடுக்குவது மாதிரிதான். எங்கோ ஒருவர் தமக்கு ஒரு கணினி வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறார். அவருக்கென்று தனிக் கணினி எதுவும் கிடையாது. எங்களுடைய பெரிய கணினிப் பெட்டி ஒன்றில் ஒரு துண்டைக் கொடுக்கிறோம், அதையே அவர் முழுக் கணினி என்று நம்பிக்கொள்கிறார். அவரை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதை ஒரு நிரல் முடிவு செய்யும். இடமில்லாத பெட்டிகளை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று எழுதியவன் நான்.

என் நிரல் பாதி நிரம்பிய பெட்டியைத்தான் தேடிப் போகும். அதை இன்னும் நிரப்பினால் மற்ற பெட்டிகள் முழுசாகக் காலியாக நிற்கும். பெரிய வாடிக்கையாளர் வந்தால் அப்படியே தூக்கிக் கொடுக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தால் இடம் இருந்தும் யாருக்கும் உதவாது. அப்படிச் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும்.

ஒரே ஒரு விதிதான் எனக்குக் குறுக்கே நின்றது. சில வாடிக்கையாளர்கள் இரண்டு கணினி கேட்பார்கள். ஒன்று படுத்துவிட்டால் மற்றது வேலையைத் தொடரும். அந்த இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது, ஏனென்றால் ஓர் அடுக்கில் நாற்பது பெட்டி, நாற்பதுக்கும் சேர்த்து ஒரே மின்வழி. வேறு வேறு அடுக்கில் இடம் கிடைக்காவிட்டால் நிரல் 'இடமில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். சென்ற மார்ச்சில் தினமும் முப்பது பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம், கிடங்கில் இடத்தை வைத்துக்கொண்டே. ஆகவே 'பிரித்தே வை' என்று இருந்ததை 'முடிந்தால் பிரித்து வை' என்று மாற்றினேன். முடியாதபோது இரண்டும் ஒன்றாகவே உட்காரும். வாடிக்கையாளரின் திரையில் எப்போதும் போல 'எல்லாம் சரி' என்ற பச்சை அடையாளம் தெரியும்.

பக்கத்து மேசையில் மாவிஸ் கீட்டிங் இருந்தாள். பதினொரு வருடப் பழக்கம். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எந்த மாற்றமும் உள்ளே போகும்.

"ஏம்ப்பா ஓரின், முடியலன்னா அந்த ஆளுக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

"முடியாம போறது நூத்துல ஒண்ணு, மாவிஸ்."

"அந்த ஒருத்தன்கிட்ட மூஞ்சிக்கு நேரா இடமில்லன்னு சொல்லிட்டுப் போயேன், என்ன கொறஞ்சுபோச்சு? ஒனக்குக் காலி டப்பாவைப் பார்த்தா பொறுக்காது. நீ செத்தா ஒன் குழியிலகூட இன்னும் ரெண்டு பேருக்கு இடம் பார்த்து வச்சுட்டுத்தான் படுப்ப."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டாள். பிரிக்க முடியாமல் ஒன்றாக வைத்த ஜோடிகளின் பட்டியலை வாரம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும், முக்கியமானது இருந்தால் கையால் பிரித்து வைக்க வேண்டும். நானே படிக்கிறேன் என்றேன். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் காப்பியோடு உட்கார்ந்து படிப்பேன். ஜூலை இரண்டாம் செவ்வாய் அதில் பதினொரு ஜோடிகள் இருந்தன. வாடிக்கையாளர்கள் தங்கள் கணினிகளுக்கு நாயின் பெயர், பழைய காதலியின் பெயர் என்று கண்டதையும் வைப்பார்கள். ஒரு ஜோடிக்கு மட்டும் 'டன்மோர் மாவட்டம் அவசர அழைப்பு ஒன்று', 'டன்மோர் மாவட்டம் அவசர அழைப்பு இரண்டு' என்று பெயர். இரண்டும் முப்பத்தொன்றாம் அடுக்கில் இருந்தன. டன்மோரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ வீடு பற்றிக்கொண்டாலோ செய்யும் அழைப்பு அவற்றின் வழியாகத்தான் போகும் என்பது பெயரிலேயே இருந்தது. மாவிஸ் குடியிருப்பதும் டன்மோரில்தான்.

அவை கொஞ்சம் பெரிய கணினிகள், மற்ற அடுக்குகளில் இருந்த சந்துபொந்துகளில் நுழையாது. பிரிக்க வேண்டுமானால் முப்பத்திரண்டாம் அடுக்கைத் திறக்க வேண்டும். அதை நான் நான்கு மாதம் பாடுபட்டு முழுசாகக் காலி செய்து, ஒரு பெரிய வாடிக்கையாளருக்காகப் பூட்டி வைத்திருந்தேன். ஒரு கணினி உள்ளே போனாலும் அது முழு அடுக்கு இல்லை. பட்டியலின் அடியில் 'படித்தேன்' என்று குறித்தேன். அது பொய் இல்லை. அடுத்த ஆறு செவ்வாய்களிலும் அதையே குறித்தேன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, முப்பத்தொன்றின் மின்வழி சூடேறுவதாக எச்சரிக்கை வந்தது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோளாறு வந்தால் சொந்தக் கைப்பேசிகளையெல்லாம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவோம், கவனம் சிதறக் கூடாது. மாவிஸும் போட்டாள். நிரல் அந்த அடுக்கில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மற்ற அடுக்குகளின் சந்துகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. சின்னவை போய்விட்டன, பெரியவை போக்கிடம் இல்லாமல் நின்றன.

"ஓரின், முப்பத்தொண்ணுல உசிரு சம்பந்தப்பட்டது ஏதாச்சும் இருக்கா? இருந்தா முப்பத்திரண்டைத் தொறந்து விட்ருவோம்" என்றாள் மாவிஸ். பட்டியலைப் படிப்பவன் நான், அதனால் என்னிடம் கேட்டாள்.

மின்வழி தாங்கிவிடும் என்பதற்குப் பத்தில் ஏழு வாய்ப்பு இருந்தது. அதை நான் சும்மா சொல்லவில்லை, மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய வாடிக்கையாளர் திங்கட்கிழமை வருகிறார்.

"இல்ல மாவிஸ். எல்லாம் சில்லறை உருப்படிதான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு முப்பத்தொன்று அணைந்தது. மறுபடி உயிர் வர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று.

மாவிஸின் கணவர் ராய்ஸ் அந்த நேரம் அவர்கள் தோட்டத்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார். ஏணியை நகர்த்தியபோது மண்ணுக்குள் இருந்த குளவிக்கூட்டை மிதித்துவிட்டார். குளவி கொட்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் உடம்பு அவருக்கு. அதற்கென்று கையில் வைத்திருந்த ஒரே மருந்தூசியைத் தொடையில் போட்டுக்கொண்டு அவசர எண்ணைப் பதின்மூன்று முறை அழைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அழைத்தவர்களுக்கு மணியும் கேட்டிருக்காது, எதிர்முனை வேறு பேச்சில் இருப்பதைக் காட்டும் ஒலியும் கேட்டிருக்காது. வெறும் அமைதிதான். பதினான்காவது அழைப்பு மாவிஸுக்கு.

ராய்ஸின் இறுதிச் சடங்கு முடிந்து, க்ரெட்டா அடுப்பில் சுட்டுக் கொடுத்த உருளைக்கிழங்குக் கேசரோல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்காரவைத்து, கைப்பேசியில் பதிவாகியிருந்ததைப் போட்டுக் காட்டினாள். ராய்ஸின் குரல் கரகரத்தது. "மாவிஸ், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒரு சத்தமும் இல்ல. நீயாச்சும் எடு, கண்ணு." அதற்குப் பிறகு நாற்பது வினாடி மூச்சு மட்டும்.

"அவசர மிஷின் ரெண்டும் அந்த அடுக்குலதான் இருந்துச்சாம். லிஸ்ட்டை நானும் ஒருவாட்டி பார்த்திருக்கணும், ஓரின். ஒன் தலையிலயே கட்டிட்டு நிம்மதியா இருந்துட்டேன். ஒனக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. கிளம்புமுன் அவளுடைய பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன். ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி, ஒரு கோப்பை. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்குள் அவை எங்கே வைத்தாலும் சரியாக இல்லை.

அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. யாரை அழைத்தாலும், எண்ணை அழுத்தியதற்கும் மணி அடிக்கத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு வினாடி சத்தமே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அந்த வினாடிக்குள் ராய்ஸ் மூச்சு விடுகிறார். பல் மருத்துவரை அழைத்தாலும் இருக்கிறார், பீட்சாக் கடையை அழைத்தாலும் இருக்கிறார். வீட்டுத் தொலைபேசியைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது பாத்திர இயந்திரம் தண்ணீரை நிறுத்திவிட்டு மறுபடி பிடிக்கும் இடைவெளியில் கேட்கிறது. தட்டுகளை ஆறாகக் குறைத்து, தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். "என்னாச்சு உங்களுக்கு, இவ்ளோ எடத்தை வீணடிக்கிறீங்க?" என்று க்ரெட்டா கேட்டாள். தள்ளி வைத்தால் அவருக்கு இன்னும் தாராளமாக இடம் கிடைக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நிரல்தான் அந்த இரண்டு கணினிகளையும் ஒன்றாக வைத்தது என்று நிறுவனத்தின் அறிக்கையில் எழுதியிருக்கிறது. அந்த அறிக்கையை எழுதியவனும் நான்தான், அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. இரண்டும் அங்கே இருப்பது எனக்கு ஏழு வாரமாகத் தெரியும். மாவிஸ் கேட்டபோது அந்தப் பெயர்கள் என் திரையில்தான் இருந்தன. ஒரு விசையை அழுத்தியிருந்தால் முப்பத்திரண்டு திறந்திருக்கும், மூன்று நிமிடத்தில் ஒன்று அங்கே போயிருக்கும், ராய்ஸின் முதல் அழைப்பையே யாராவது எடுத்திருப்பார்கள். தெரிந்தேதான் அழுத்தவில்லை. அவரை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மாவிஸிடமும் படித்துக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள். அந்தத் திங்கட்கிழமை பெரிய வாடிக்கையாளர் சொன்னபடி வந்தார். முப்பத்திரண்டின் நாற்பது பெட்டிகளும் மதியத்துக்குள் நிரம்பிவிட்டன. ஒன்றுகூட வீணாகவில்லை.