வட்டத்துக்குள் நின்ற செருப்புகள்

ஹேமாவதி: எட்ட எட்ட நிக்கச் சொல்லிப் போட்ட வட்டம் ஒண்ணுகூடக் காலியா இல்ல மாமா. ஆனா ஒரு ஆளு அங்கன நிக்கல!

வீரணன்: பெறகு வட்டத்துல யாருதேன் நின்னா?

ஹேமாவதி: செருப்பு.

வீரணன்: என்னது?

ஹேமாவதி: செருப்பு, கட்டப்பை, தூக்குவாளி... போஸ்டாபீஸ் சசிதரனோட ஹெல்மெட்டு. ஆளுக பூராம் புளியமரத்தடியில, தோளோட தோளு ஒட்டிக்கிட்டு. தடுப்பூசி முகாமா, கல்யாணப் பந்தியான்னு தெரியல.

வீரணன்: எடம் போட்டா போட்டதுதேன? ரேஷன் கடையில நாங்க அப்படித்தேன் நிப்போம்.

ஹேமாவதி: சிரிக்காதீக! டாக்டரு பாத்துட்டாக. நாளைக்கும் கும்பல் கூடுனா முகாம வேற ஊருக்கு மாத்திருவாகளாம். ஊரடங்குல பஸ்ஸும் இல்ல. நம்ம சுருளிப்பட்டிச் சனம் கொரோனா ஊசிக்கு எங்கிட்டுப் போகும்?

வீரணன்: நர்ஸம்மா நீதான... மைக்குல ஒரு சத்தம் போட வேண்டியதுதேன?

ஹேமாவதி: போட்டேனே. சத்தம் போட்டா வட்டத்துக்கு வர்றாக. நான் திரும்புனா மரத்துக்கு ஓடுறாக. ஏன்னுதேன் வெளங்கல.

வீரணன்: நீ எங்கன நின்னு கத்துன?

ஹேமாவதி: பள்ளிக்கூட வராண்டாவுல...

வீரணன்: ம்.

ஹேமாவதி: அட! நான் நிழல்லல்ல நின்னேன்! அவுக வட்டம் சுடுமணல்ல... செருப்பு நிக்கும், ஆளு நிக்குமா? நிழலு அகலமா இருக்கணும், நிக்கிற எடம் எட்ட எட்ட இருக்கணும். அப்படி ஒரு எடம்... மாமா! உங்க திராட்சத் தோட்டம்!

வீரணன்: ஏத்தா, அது ஆகாது.

ஹேமாவதி: தலைக்கு மேல பூராம் பந்தலு. அதைத் தாங்குற கல்லுக்காலு ஒண்ணுக்கொண்ணு எட்டத்துல. காத்தும் சிலுசிலுன்னு வருது...

வீரணன்: லாரி வராம பழம் அப்படியே தொங்குது. பறிச்சுத் தின்னுருவாக.

ஹேமாவதி: மாஸ்க்க எறக்குனா வரிசை போச்சுன்னு சொல்லிருவேன். எப்படித் திம்பாக?

வீரணன்: கீழ கூட்டிப் பெருக்கணுமே... கம்பம் டவுனுக்குப் போயி ஊசி போட்டதுல இருந்து எனக்கு எடது கையத் தூக்க முடியல.

ஹேமாவதி: நாங்க கூட்டிக்கிறோம்.

வீரணன்: நேத்துத்தேன் மருந்தடிச்சேன் வேற.

ஹேமாவதி: பழுத்த பழத்துக்கா? யாரு அடிச்சது?

வீரணன்: நாந்தேன். டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு...

ஹேமாவதி: தூக்க முடியாத கைய வச்சுக்கிட்டா?

வீரணன்: அது... வலது கைதேன் வலி.

ஹேமாவதி: மாமா.

வீரணன்: என்ன?

ஹேமாவதி: ஊசிய எந்தக் கையிலதேன் போட்டாக?

வீரணன்: சத்தமாக் கேக்காத புள்ள, எம் பொஞ்சாதி காதுல விழுந்துரும்.

ஹேமாவதி: ஜக்கம்மா அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன். பந்தலு கெடைக்குமா?

வீரணன்: விடிஞ்சதும் கேட்டத் தொறந்து விடுறேன். ஒரு கல்லுக்காலுக்கு ஒரு ஆளு. முன்னால உள்ளவுக நகந்தா அடுத்த காலுக்குப் போகட்டும். வடக்க வந்து தெக்க போயிரட்டும். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு மோட்டார் ரூமுக்குள்ள வச்சுப் போட்டு விட்டுரு புள்ள... கம்பத்துல ஊசியப் பாத்ததுமே ஓடியாந்தவன், இங்கனயும் ஓடுனா ஊரே பாத்துரும்.